வரைபடத்தில் இல்லாத மூடி

ஜூன் 14, புதன்

இன்று முதல் நடப்பதை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். என்னைப் பற்றியது என்றாலும் அப்படித்தான். இது அப்பா வேலை பார்க்கும் வங்கி கொடுத்த நாட்குறிப்பு. இரண்டு வருடம் பழையது. அச்சடித்த கிழமைகளை அடித்துச் சரியான கிழமை போட்டுக்கொள்கிறேன்.

எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் கூட்டுறவு நகரின் கிழக்கு ஓரத்தில் நாற்பத்திரண்டு சென்ட் பொது இடம் முப்பது வருடமாகச் சும்மா கிடக்கிறது. அதில் நகராட்சி பூங்கா கட்டித்தரப் போகிறது. எப்படிப்பட்ட பூங்கா வேண்டும் என்று குடியிருப்போர் சங்கமே வரைந்து கொடுக்கலாமாம். சங்கச் செயலாளர் என் அப்பா. வரையப்போகிறவள் நான். ஒன்பதாம் வகுப்பு மாணவியிடம் ஒப்படைத்தது என் அறிவைப் பார்த்துத்தான் என்று ஒரு மணி நேரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

"வெளிய குடுத்தா மாசக்கணக்கா இழுப்பானுங்க. நம்ம நித்திலாவுக்குக் கோடு நேரா வரும்" என்று அப்பா போனில் சொன்னது காதில் விழுந்தது.

கோடு நேராக வருவதும் ஒரு அறிவுதான்.

கிளை நூலகத்திலிருந்து நகரமைப்பு பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். எனக்கு முன் அதை எடுத்தவர் பதினொரு வருடத்துக்கு முன் எடுத்திருக்கிறார். ஒரு இடத்தை வரைவதற்கு முன், அதில் யார் நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். எங்கள் சங்கத்தில் யாரும் இதைப் படித்திருக்கவில்லை என்று சத்தியமே செய்வேன்.

ஜூன் 18, ஞாயிறு

நானும் பூவிழியும் இடத்தை அளந்தோம். பூவிழி என் வகுப்பு. இடத்துக்குக் கிழக்கே இருக்கும் வாய்க்கால்மேட்டில் அவள் வீடு. பள்ளிக்கூடம் எங்கள் நகருக்கு மேற்கே இருப்பதால் வாய்க்கால்மேட்டுப் பிள்ளைகள் எல்லோரும் இந்த இடத்தைக் குறுக்கே கடந்துதான் வருவார்கள்.

அம்மாவின் தையல் டேப்பால் அளந்தோம். ஒவ்வொரு ஐந்தடிக்கும் குனிந்து நிமிர வேண்டும்.

"ஏ நித்தி, இப்படியே அளந்தா பூங்கா தொறக்கறப்ப நமக்குக் கல்யாணமாகிப் புள்ளைங்க ஊஞ்சல் ஆடும்" என்றாள் பூவிழி.

இருந்தவை: வேப்பமரம் மூன்று, புங்கமரம் ஒன்று, கிரிக்கெட் ஸ்டம்புக்கு நட்ட குச்சிகள், ஆடு நான்கு, கிழக்கிலிருந்து மேற்காகப் போகும் ஒற்றையடிப் பாதை. பாதை மேற்கு ஓரத்தில் ஒரு இரும்பு மூடியருகே கொஞ்சம் வளைந்து பிறகு எங்கள் தெருவில் ஏறுகிறது. பாதை ஏன் அங்கே வளைய வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பூவிழியின் அப்பாவே வந்துவிட்டார். அவர் நகராட்சியில் ஒப்பந்தக்காரர் மூலம் தண்ணீர் திறந்துவிடும் வேலை செய்கிறார். பெயர் மாரப்பன். எங்கள் நகரில் தலைவரின் ஏழு வயதுப் பேரன் உட்பட எல்லோரும் அவரை மாரப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அப்படிக் கூப்பிட மாட்டேன். எதுவுமே சொல்லிக் கூப்பிட்டதில்லை.

தோளில் இருந்த நீளமான இரும்புச் சாவியால் மூடியை நெம்பித் திறந்து காட்டினார். உள்ளே ஆழத்தில் ஒரு வால்வு.

"பாத்துக்க அம்மணி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெடியால அஞ்சு மணிக்கு வந்து இதத் திருகுனாத்தான் உங்க நூத்திப் பத்து வீட்டுலயும் காப்பி கொதிக்கும்."

"நீங்க மறந்துட்டா?"

"பதினாலு வருசத்துல ஒரு நாளு மறந்தேன். இவ பொறந்த அன்னிக்கு."

"அன்னிக்குந்தான் நாலு பேரு வீட்டுக்கே வந்து சத்தம் போட்டாங்களாம். குளிக்காமத்தான் வந்திருப்பாங்க" என்றாள் பூவிழி.

மேற்கு எல்லையிலிருந்து பதினோரு அடி, வடக்கிலிருந்து ஒன்பது அடி. இந்தப் பக்கத்திலேயே இடத்தைச் சின்னதாக வரைந்து, மூடி இருக்கும் இடத்தில் வட்டம் போட்டு அளவும் குறித்திருக்கிறேன்.

ஜூன் 25, ஞாயிறு

சங்கக் கூட்டம் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது. காப்பி கொடுப்பது, வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது இரண்டும் என் வேலை.

தலைவர் அர்த்தநாரி. ஓய்வு பெற்ற தாசில்தார். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடமாகியும், கையெழுத்துப் போட வேண்டுமென்றால் யாராவது பேனா மூடியைக் கழற்றிக் கொடுக்க வேண்டும் என்று கையை நீட்டியபடி காத்திருக்கிறார். அப்பா கழற்றிக் கொடுத்தார்.

குப்புராஜ் மாமா ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். அவர்தான் பல்நோக்கு என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் போலப் பேசினார்.

"பல்நோக்குன்னா என்னுங்க? எல்லாத்துக்கும் ஆகோணும். வெடியால நடக்கோணும், மத்தியானம் காரு நிறுத்தோணும், சாயங்காலம் ஷட்டில் வெளையாடோணும், விசேசம்னா பந்தி போடோணும்."

"மரமெல்லாம் அப்படியே இருக்கட்டுங்களா மாமா?" என்று கேட்டேன்.

"மரமா? எல உதிருமே கண்ணு. யாரு கூட்டறது?"

பூங்காவில் இலை விழும் என்பதை இவ்வளவு வருத்தத்தோடு ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

வசந்தாமணி அத்தை ஒரு பிள்ளையார் வேண்டும் என்றார். "புள்ளையாரு உக்காந்துட்டா நாளைக்கு ஒருத்தனும் அந்த எடத்தக் கேக்க மாட்டான் பாருங்க." அத்தைக்குப் பிள்ளையார் கடவுள் இல்லை, பட்டா. அப்புறம் கூழாங்கல் பதித்த எட்டு வடிவ நடைபாதை. அதில் நடந்தால் சர்க்கரை குறையுமாம். எட்டின் இரண்டு வயிறும் சேர்ந்து இடத்தில் பாதியைத் தின்றுவிடும், பிள்ளைகள் விளையாட முடியாது என்றேன்.

"வெளையாடத்தான் பள்ளிக்கூடம் இருக்குதே" என்றார் தலைவர்.

பள்ளிக்கூடம் எதற்கு என்று ஒரு தாசில்தாருக்கு இப்படித்தான் தெரிந்திருக்கிறது.

பிறகு அவர் விரல் வரைபடத்தின் கிழக்குப் பக்கத்துக்கு வந்தது. நான் இரண்டு வாசல் வரைந்திருந்தேன். மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று.

"இது எதுக்கு?"

"வாய்க்கால்மேட்டுப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போற வழிங்க தாத்தா."

"அவிங்களுக்கு பைபாஸ் ரோடு இருக்குதில்ல?"

"அது ரெண்டு கிலோமீட்டர் சுத்துங்க. லாரி போற ரோடுங்க."

வசந்தாமணி அத்தைதான் பேசினார். "எனக்கு ஒரு வித்தியாசமும் கெடையாது கண்ணு. எங்க வீட்ல பாத்திரம் தேய்க்கற புள்ள அங்கிருந்துதான் வருது. ஆனா பூங்கான்னா ஒரு சுத்தம் வேணுமில்ல?"

அந்தப் புள்ள தேய்த்த பாத்திரத்தில்தான் அத்தை சாப்பிடுகிறார். சுத்தம் அதுவரைக்கும் போதும் போலிருக்கிறது.

'பாதுகாப்புக் கருதி கிழக்குப் பக்க வாசல் தவிர்க்கப்படுகிறது' என்று அப்பா தீர்மானப் புத்தகத்தில் எழுதினார். யாரிடமிருந்து யாருக்குப் பாதுகாப்பு என்று அதில் இல்லை. அப்பா கூட்டம் முழுக்கப் பேசவே இல்லை. எழுதிக்கொண்டே இருந்தார். எழுதுகிறவர் எங்கே பேச முடியும்?

ஜூலை 1, சனி

"எங்க பக்கம் கேட்டுக்கு என்ன பெயின்ட்டு போடுவாங்க?" என்று பூவிழி கேட்டாள். இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்றேன்.

கணக்கில் தொண்ணூற்றாறு. பூவிழி தொண்ணூற்றெட்டு.

ஜூலை 9, ஞாயிறு

மூன்றரை மணி நேரக் கூட்டம். ஊஞ்சல், சறுக்குமரம் இரண்டும் சேர்ந்து நான்கு நிமிடம். குடிதண்ணீர்க் குழாய் ஒரு நிமிடம். கழிப்பறையே வேண்டாம், "வெச்சா நாத்தம் வரும்" என்று அரை நிமிடம். மீதி நேரம் முழுக்கக் கல்வெட்டு.

கல்வெட்டில் யார் பெயருக்குப் பிறகு யார் பெயர் வர வேண்டும் என்பதில் குப்புராஜ் மாமாவுக்கும் தலைவருக்கும் பேச்சு நின்றே போனது. ஒருவரோடு ஒருவர் பேசாமல் அப்பாவிடம் பேசினார்கள். "செயலாளர் அவருகிட்டச் சொல்லுங்க, எழுத்து வரிசைப்படி போட்டா அவருதான் மொதல்லன்னு எங்களுக்கும் தெரியும்." அர்த்தநாரி என்று பெயர் வைத்த அம்மா இதை எழுபது வருடம் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

வசந்தாமணி அத்தை பெயருக்குப் பின்னால் படிப்பு வேண்டுமென்றார். உடனே எல்லோருக்கும் படிப்பு வேண்டியிருந்தது. குப்புராஜ் மாமா மட்டும் படிப்பெல்லாம் எதுக்கு, சமூக சேவகர் என்று போட்டால் போதும் என்றார். பதினேழு பெயர்கள். வரைந்தவர் என்று என் பெயரும் கடைசியில் வரும் என்று அப்பா சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

கல்வெட்டு எங்கே நிற்பது? தெருவில் போகிற எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதில் மட்டும் ஒற்றுமை. மேற்கு வாசலை ஒட்டி, ஆறடிக்கு நாலடி மேடை. குப்புராஜ் மாமா அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இதென்ன கண்ணு முட்டை?"

"வால்வு மாமா. தண்ணி தொறக்கறதுங்க."

"அதையெல்லாம் முனிசிபாலிட்டிக்காரன் பாத்துக்குவான். நல்ல படத்துல முட்டை போட்டு வெச்சிருக்கற. அழிச்சுரு."

அப்பாவைப் பார்த்தேன். "அழிச்சுரு நித்தி" என்றார்.

நல்ல ரப்பர். தடமே தெரியவில்லை.

ஜூலை 16, ஞாயிறு

மையில் வரைந்து முடித்தேன். ஒரு வாசல். ஒரு எட்டு. ஒரு பிள்ளையார். கோடெல்லாம் நேராக இருக்கிறது.

ஆகஸ்ட் 10, வியாழன்

நகராட்சிப் பொறியாளர் ஒருவர் வந்தார். கட்டடப் பிரிவாம். இடத்தைத் தெருவிலிருந்தே பார்த்தார். ஷூ போட்ட காலிலும் நெருஞ்சி முள் குத்துமா என்று தலைவர் விசாரித்தார். எங்கள் வீட்டில் காப்பியும் முறுக்கும் சாப்பிட்டுவிட்டு வரைபடத்தில் கையெழுத்துப் போட்டார். "பாப்பா போட்டதா? அருமை" என்றார். புத்தகத்தில் சொல்லியிருந்தது போல உட்கார்ந்து பார்த்தார்தான், எங்கள் சோபாவில்.

செப்டம்பர் 10, ஞாயிறு

கிழக்கு மதில் எழும்பிவிட்டது. ஏழடி. மேலே கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறார்கள். வேப்பமரம் இரண்டு போயிற்று. ஒன்றைத் திருஷ்டிக்கென்று விட்டிருக்கிறார்கள்.

நாளையிலிருந்து பூவிழி பைபாஸ் சாலை வழியாக வர வேண்டும். முதல் மணி அடிக்கும் முன் வந்துவிடுவாளா?

செப்டம்பர் 12, செவ்வாய்

வரவில்லை. இரண்டு நாளும் மணி அடித்த பிறகே வந்து வகுப்புக்கு வெளியே நின்றாள். இன்று உள்ளே வந்ததும் எனக்கு நேர் முன்னால் நின்றாள்.

"முடிவாகலைன்னு சொன்ன?"

"அவங்கதான் முடிவு பண்ணாங்க பூவிழி."

"எப்ப?"

பதில் சொல்வதற்குள் ஆசிரியர் வந்துவிட்டார். வந்திருக்காவிட்டாலும் நான் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. அவள் மூன்றாவது பெஞ்சுக்கு மாறிவிட்டாள்.

செப்டம்பர் 16, சனி

கடைக்குப் போய் வரும்போது பூவிழியின் அப்பா சைக்கிளில் சுற்றி வந்து தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மணி, மேக்கால மேடை கட்டறதுக்குக் கயிறு புடிச்சிருக்கறாங்க. அந்த மூடி அதுக்குள்ள வருது. மேஸ்திரிகிட்டச் சொன்னா பிளான்ல இல்லங்கறான். அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் போடு சாமி. நான் சொன்னா அங்க எடுபடாது."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அம்மா வாங்கி வரச் சொன்ன கடுகை மறந்துவிட்டேன். திரும்பப் போக வேண்டியதாயிற்று.

அக்டோபர் 1, ஞாயிறு

கல்வெட்டு இன்றுதான் வந்து சேர்ந்தது. பெயர் வரிசையை மூன்று முறை மாற்றி வெட்டியதால் தாமதம். நாளை திறப்பு விழா என்பதால் மேடையைப் பகலோடு பகலாகக் கட்டினார்கள். மேஸ்திரி வரைபடம் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். கலவை கொட்டினார்கள். விடுமுறைப் பாடம் எழுதி முடித்தேன்.

அக்டோபர் 2, திங்கள்

திறப்பு விழா. நாற்காலி நூற்றைம்பது, வந்தவர்கள் அறுபது. நகர்மன்றத்திலிருந்து வந்தவர் ரிப்பன் வெட்டினார். கத்தரிக்கோல் வெட்டவில்லை. குப்புராஜ் மாமா தன் கடைக் கத்தரிக்கோலை எடுத்து வரச் சொல்லி, அதை வைத்துக்கொண்டு ரிப்பனுக்கும் விருந்தினருக்கும் நடுவில் எல்லாப் புகைப்படத்திலும் நின்றார்.

பூங்கா காலை ஆறு முதல் எட்டு, மாலை ஐந்து முதல் எட்டு. சங்க அடையாள அட்டை அவசியம். சாவி தலைவர் வீட்டில். எட்டில் நடந்த முதல் ஆள் வசந்தாமணி அத்தை. கூழாங்கல் குத்தி இரண்டாவது சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கல்வெட்டுத் திரையை விலக்கினார்கள். பதினேழு பெயர்கள். நான் என் பெயரைத் தேடினேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் தேடினேன். கடைசியில் 'மற்றும் பலர்' என்று இருக்கிறது.

அக்டோபர் 3, செவ்வாய்

தண்ணீர் வரவில்லை.

அக்டோபர் 4, புதன்

இன்றும் இல்லை. நூற்றுப்பத்து வீட்டுக்காரர்களும் குடத்தோடு தெருவில். நேற்று விடியற்காலை ஐந்து மணிக்குப் பூவிழியின் அப்பா சாவியோடு வந்து நின்றிருக்கிறார். கேட் பூட்டியிருந்தது. மணியடித்தும் தலைவர் வீட்டில் ஆறு மணிக்குத்தான் எழுந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் மூடி இருந்த இடத்தில் பதினேழு பெயர்கள்.

லாரித் தண்ணீர் வந்தது. வரிசையில் யார் முன்னால் நிற்பது என்று குப்புராஜ் மாமாவுக்கும் தலைவருக்கும் மறுபடி பேச்சு நின்றது. எழுத்து வரிசைப்படி நிற்கலாமே என்று நான் மனதுக்குள் சொன்னேன். முதல் முறையாகச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 6, வெள்ளி

இன்று எங்கள் முன்னறையில் அவசரக் கூட்டம். கல்வெட்டை இடிப்பது அபசகுனம் என்று வசந்தாமணி அத்தை. இடிப்பது அவமானம் என்று தலைவர்.

"அவன் ஏன் முன்னமே சொல்லுல? மதிலு கட்டுன கோவத்துல வேணும்னே வாய மூடிட்டு இருந்துட்டான்" என்றார் குப்புராஜ் மாமா.

நகராட்சி ஆணையருக்குப் புகார்க் கடிதம் எழுதினார்கள். அப்பா கையெழுத்து அழகாக இருக்கும். 'மேற்படி வால்வு உள்ள இடம் குறித்து சம்பந்தப்பட்ட ஊழியர் எந்நிலையிலும் எவரிடமும் தெரிவிக்கவில்லை.' தலைவர் கையை நீட்டினார். அப்பா பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

நான் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அக்டோபர் 7, சனி

பூவிழி அப்பாவை வேலைக்கு வர வேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை நகராட்சி அலுவலகத்தில் விசாரணை. அவர் முன்கூட்டிச் சொன்னாரா இல்லையா என்பதுதான் கேள்வியாம். சொன்னதற்கு ஆதாரம் இல்லையென்றால் வேலை போனது போனதுதான்.

இதைப் பூவிழியே சிறப்பு வகுப்பு முடிந்ததும் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் என்னை நிறுத்திச் சொன்னாள்.

"எங்கப்பா உன்கிட்டச் சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு."

"நீ உங்கப்பாகிட்டச் சொன்னியா?"

நான் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன்.

"பேசுபுள்ள. புஸ்தகமாப் படிக்கறியே, ஒரு வார்த்த வாயில வராதா?"

"சொல்லல."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்கப்பா உன்னய நல்ல புள்ளன்னு சொல்லிட்டுத் திரியறாரு" என்றாள். பைபாஸ் பக்கமாகத் திரும்பி நடந்தாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் செப்டம்பரில் பூவிழியின் அப்பா சொன்னதைச் சொன்னேன். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"இப்பச் சொல்லி என்ன கண்ணு பண்றது? கடுதாசி போயிருச்சு."

"நீங்கதானுங்ப்பா வட்டத்த அழிக்கச் சொன்னீங்க. அங்க வால்வு இருக்குதுன்னு உங்களுக்கும் தெரியும்."

"தெரியும்னு எழுதிக் குடுத்தா அப்புறம் இந்தத் தெருவுல நம்ம எப்படி இருக்கறது? நீ சின்னப்புள்ள. உன்னைய யாரும் கேக்க மாட்டாங்க. விட்ரு சாமி."

அக்டோபர் 8, ஞாயிறு

என்னை யாரும் கேட்கவில்லை என்பது சரியல்ல. அதனால் அக்டோபர் 1-ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன்.

வரைபடத்தை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிடவில்லை. அங்கேயே நின்றேன். மேஸ்திரி காலால் அந்த மூடியைத் தட்டினார். டங் என்று சத்தம் வந்தது. "பாப்பா, நீதான படம் போட்ட? இங்க ஒரு மூடி இருக்குது, உள்ள ஏதோ இருக்குமாட்ட இருக்குது. படத்துல காட்டலயே?" என்று கேட்டார்.

"படத்துல இல்லீங்க" என்றேன்.

அது உண்மை. ஒரு எழுத்துக் கூடப் பொய் இல்லை. அப்படி ஒரு பதிலை எனக்குள் தயாராக வைத்திருந்தேன் என்பதும் உண்மை. கலவை விழும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கட்டட்டும், உங்கள் பெயர்களாலேயே உங்கள் தண்ணீரை மூடிக்கொள்ளுங்கள் என்று நினைத்தேன். இத்தனை முட்டாள்களுக்கு நடுவில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருப்பது நன்றாக இருந்தது. அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டதும் மறதியால் இல்லை. கடுகைத்தான் மறந்தேன்.

வால்வைத் திறக்க வருகிறவர் யார் என்பதை நான் நினைக்கவில்லை. அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றே தெரியாமல் இருந்தவளுக்கு அவர் எப்படி நினைவில் வருவார்?

இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். தலைவரின் பேனா, அத்தையின் பிள்ளையார், மாமாவின் கத்தரிக்கோல். எல்லாம் கூர்மையாக இருக்கிறது. தாம் கிழக்கே கதவடைத்ததை அவர்கள் தீர்மானமாக எழுதிக் கையெழுத்தாவது போட்டார்கள்.

ஜூன் 18 பக்கத்தில் வட்டம் அப்படியே இருக்கிறது. பதினோரு அடி, ஒன்பது அடி. நாளை பள்ளிக்குப் போகப்போவதில்லை.

அக்டோபர் 9, திங்கள்

சீருடையோடுதான் போனேன். நகராட்சி அலுவலகத்தில் குடிநீர்ப் பிரிவுப் பொறியாளர் ஒரு பெண். மேசைக்கு ஒரு பக்கம் தலைவர், குப்புராஜ் மாமா, அப்பா. மறுபக்கம் பூவிழியும் அவள் அப்பாவும். அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"இந்தப் பாப்பா யாரு?" என்றார் பொறியாளர்.

"நான்தான் வரைஞ்சேங்க. இதுல ஆதாரம் இருக்குதுங்க" என்று நாட்குறிப்பை நீட்டினேன். அப்பா என் கையைப் பார்த்தார். பிடித்துத் தடுக்கவில்லை.

ஜூன் 18, ஜூலை 9, செப்டம்பர் 16, அக்டோபர் 8 என்று காகிதம் வைத்திருந்தேன். நான்கு பக்கம் மட்டும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பொறியாளர் எல்லாவற்றையும் படித்தார். நடுவில் ஒருமுறை வாயைப் பொத்திக்கொண்டு தலைவரின் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்தார்.

"அந்தப் புள்ள என்னமோ கிறுக்கி வெச்சிருக்குது, அதப் போயி..." என்றார் தலைவர்.

"கிறுக்கலுங்களா? நீங்க சொன்னதா எழுதியிருக்குது, படிக்கட்டுங்களா?"

தலைவர் வேண்டாம் என்றார். பொறியாளர் செப்டம்பர் 16 பக்கத்தை மட்டும் சத்தமாகப் படித்தார். பிறகு அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அழிக்கச் சொன்னது நீங்கதானுங்களா சார்?"

அப்பா "ஆமாங்க" என்றார். இத்தனை மாதத்தில் எந்தக் கூட்டத்திலும் என்னிடம் அல்லாமல் பெரியவர்களிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அது என்று நினைக்கிறேன்.

வெளியே வந்ததும் பூவிழியின் அப்பாவிடம் போனேன். "மாமா" என்று கூப்பிட்டேன். அவர் "வெயில்ல நிக்காத சாமி, வீட்டுக்குப் போ" என்றார். பூவிழி செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

அக்டோபர் 11, புதன்

மேடையை இடித்தார்கள். கல்வெட்டை முழுதாக எடுக்கப் பார்த்தார்கள். அர்த்தநாரிக்கும் குப்புராஜுக்கும் நடுவில் சரியாக விரிசல் விட்டுவிட்டது.

தண்ணீர் சாயங்காலம் வந்தது. திறந்தவர் மாரப்பன் மாமா. குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு சிவப்பாக, பிறகு நல்ல தண்ணீர். வசந்தாமணி அத்தை என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். அத்தை வீட்டுத் தொட்டி நிரம்பி வழிந்து தெருவில் ஓடியது.

அக்டோபர் 15, ஞாயிறு

தண்ணீர் திறக்கிறவர் தன் வீட்டுப் பக்கமிருந்து எந்த நேரமும் வந்து போக வேண்டும் என்பதால், கிழக்கு மதிலில் மூன்றடிக்கு வாசல் விடச் சொல்லி குடிநீர்ப் பிரிவிலிருந்து உத்தரவு வந்தது. நேற்று இடித்துக் கேட் மாட்டினார்கள். சாவி மாரப்பன் மாமாவிடம். தலைவர் இதை எதிர்த்து எழுதப்போகிறாராம். எழுதித் தரச் சொல்லி அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா கை வலிக்கிறது என்று சொல்லிவிட்டார். புதுச் செயலாளரைத் தேடுகிறார்கள்.

இன்று காலை போய்ப் பார்த்தேன். கேட் பூட்டாமல் இருந்தது. நான்கு சின்னப் பையன்கள் எட்டின் ஒரு வயிற்றில் ஸ்டம்ப் நட்டுக்கொண்டிருந்தார்கள். பூவிழி தம்பிக்குப் பந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு இந்த வழியாத்தான வருவ?" என்று கேட்டேன்.

"எங்கப்பா கேட்டு. வருவேன்."

"என் பெஞ்சுக்கு?"

"அதுக்கு இன்னும் சாவி போடல" என்றாள். ஆனால் நின்றுதான் சொன்னாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா அறை வாசலில் வந்து நின்றார்.

"நான் பேசாம எழுதிட்டே இருந்தது, பேனா மூடி கழட்டுனது எல்லாம் அதுல இருக்குதாம்மா?"

"இருக்குதுங்ப்பா."

"ஆமாங்கன்னு நான் சொன்னது?"

"அதும் இருக்குதுங்ப்பா."

"சரி" என்றார். இன்னும் ஏதோ கேட்பார் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, படு என்று மட்டும் சொன்னார். முன்னறை விளக்கை அணைத்தார். பூங்காவில் எட்டு மணிக்கே அணைத்துவிட்டார்கள். இப்போது என் அறை விளக்கையும் அணைக்கிறேன்.